பள்ளி மூடியிருந்தபோது பிள்ளைகளை யார் போய்ப் பார்த்தார்கள்?

தாமிரபரணிக்கரை டீச்சர்:

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வெள்ளமோ கொரோனாவோ, பள்ளிக்குத் திடீரென்று பூட்டு விழுந்தால் எல்லாருக்கும் பாடம் போச்சே என்ற கவலைதான் முதலில் வருகிறது. பிள்ளை சாப்பிட்டதா, தூங்குகிறதா, பயந்து கிடக்கிறதா என்று கேட்க ஆள் குறைவு. அப்படிக் கேட்டவர்களை, கேட்கப் போனவர்களைப் பற்றி எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கு மாடி உண்டு என்பதால் கீழத்தெரு ஜனம் முழுக்க அங்கேதான் ஏறியிருக்கிறது. பள்ளிக்கு விடுமுறை, ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்குள்ளேயே! தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்து, "டீச்சர், நம்ம கிளாஸ்லதான் படுத்திருந்தோம், போர்டுக்குக் கீழ" என்றாள்.

முகாமில் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் நிவாரணம், ஆதார் அட்டை, வீட்டுச் சேறு என்று அலைந்தார்கள். பிள்ளைகளைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. நானும் உடன் வேலை பார்க்கும் சாரும் காலைச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைப்போம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், உடைந்த கிரேயான், அவ்வளவுதான் கையில் இருந்தது. இன்னதை வரை என்று சொல்லவில்லை. பெரும்பாலும் தண்ணீரைத்தான் வரைந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தினமும் கூரைமேல் ஓர் ஆட்டை வரைந்துகொண்டிருந்தான். ஏன் என்று கேட்க வேண்டாம் என்று சார் சொன்னார். ஒரு நாள் அவனே, "அது எங்க வெள்ளாடு. மேல ஏத்த முடியல" என்றான். அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகுதான் மற்றவர்களோடு விளையாட இறங்கினான்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் புதுப் புத்தகங்கள் வந்தன. நாங்கள் உடனே அவற்றைத் திறக்கவில்லை. வானம் கருத்தாலே, "பெல் அடிச்சிருவீங்களா டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தர? கதை, பாட்டு, பாண்டி ஆட்டம், மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. சாயங்காலம் தெருத் தெருவாகப் பிரித்து வீடு வரை நாங்களே கொண்டுபோய் விட்டோம். நேரத்துக்கு நேரம் அதே மணி, அதே சாப்பாடு, அதே முகங்கள் என்று ஆன பிறகுதான் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

பள்ளிக்கரணை அம்மா:

டீச்சர், படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. அதே 2023 டிசம்பர், நான்காம் தேதி எங்களுக்குச் சென்னையில் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, டவர் இல்லை, கீழ்வீடு முழுகிவிட்டது. என் மகள் அப்போது அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மொட்டை மாடியில் டவர் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் முதலில் வந்து விழுந்தது அவள் மிஸ்ஸின் குரல் பதிவு. வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, "பத்திரமா இருக்கீங்களா? கொதிக்க வச்ச தண்ணிதான் குடிக்கணும், அம்மா கையை விடக் கூடாது, மிஸ் சீக்கிரம் பார்க்க வர்றேன்" என்று பேசியிருந்தார். தன் பெயர் வரும் இடத்தை மட்டும் இவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

என் நாத்தனார் பையன் படித்த தனியார் பள்ளியின் குரூப்பில் வந்தது பிடிஎஃப் வீட்டுப்பாடம். மாலைக்குள் முடித்துப் போட்டோ அனுப்ப வேண்டுமாம். அந்த வீட்டில் முழங்கால் வரை தண்ணீர்! எட்டு வயதுப் பிள்ளை, நோட்டு நனைந்துவிட்டது, மிஸ் திட்டுவார் என்று அழுதது. 11ஆம் தேதி சென்னையில் பள்ளிகள் திறந்தபோது என் மகள் ஓடிப் போனாள், அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பள்ளி எவ்வளவு பெரிது என்பதில் எனக்கு இனி அக்கறை இல்லை.

சத்துணவு அமைப்பாளர், தருமபுரி மாவட்டம்:

நான் கொரோனா காலத்தைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் மூடினது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. இடையில் சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேலே 150 கிராம் என்று கணக்கு. பின்னால் முட்டையும் சேர்ந்தது.

கொடுத்ததோடு முடிந்தது என்று எங்கள் தலைமையாசிரியர் அம்மா விடவில்லை. பதிவேட்டில் பெயருக்கு நேராகக் கையெழுத்து விழாத பிள்ளைகளைத் தனியாகக் குறித்துக்கொள்வார். அரிசி வாங்கக்கூட யாரும் வரவில்லை என்றால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்பார். சாயங்காலம் ஆயாம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவோம். எங்கள் பக்கம் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அப்படிப் போனதில்தான் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாட்டியோடு தனியாக இருப்பது தெரிந்தது. பாட்டிக்குக் கண் தெரியாது. அடுப்பு மூட்டுவது, தண்ணீர் எடுப்பது, ஆடு ஓட்டுவது எல்லாம் அந்தப் பிள்ளைதான். தலைமையாசிரியர் அம்மா அங்கேயே ஊராட்சித் தலைவருக்குப் போன் போட்டார், ரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். பக்கத்து வீட்டுப் பெண் இரவில் துணைக்குப் படுக்க ஒத்துக்கொண்டார். தினமும் ஏழு மணிக்கு அந்தப் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் அம்மாவிடமிருந்து போன் போகும். "என்ன சமைச்ச?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

சத்துணவைச் சிலர் வெறும் சோறு என்று நினைக்கிறார்கள். பிள்ளை சாப்பிடும்போது அதன் முகத்தைத் தினம் பார்ப்பவர்கள் நாங்கள். பள்ளி மூடினால் முதலில் நின்றுபோவது அந்தப் பார்வைதான்.

இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர், திருவண்ணாமலை:

அக்கா சொன்னது சத்தியம். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைத் தன்னார்வலர்கள் தெருவிலேயே மாலையில் சொல்லித்தரும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் கோயில் திண்ணைதான் மையம், மாலை ஐந்திலிருந்து ஏழு. எனக்கு வந்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்க்காதவர்கள். ஒன்றாம் வகுப்பு மொத்தமும் வீட்டில் போய்விட்டது. எழுத்து தெரியாதது பெரிய விஷயமில்லை. வட்டமாக உட்கார, தன் முறை வரும் வரை காத்திருக்க, அடுத்த பிள்ளையோடு பென்சிலைப் பகிர வரவில்லை. ஒரு குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரமும் நிற்கும். அப்போது மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய்தான், ஆனால் அந்தக் குழந்தை துப்பட்டாவை விட்டுவிட்டுப் போய்க் கும்மியில் சேர்ந்த அன்று நான் வீட்டுக்குப் போய் எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

கோவை அப்பா:

ஒரு சந்தேகம். என் பையன் மூன்றாம் வகுப்பு. மழைக்காக நான்கைந்து நாள் லீவு விட்டால், திறக்கிற அன்று காலையில் வயிற்றுவலி என்கிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறான் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

தாமிரபரணிக்கரை டீச்சர்:

நடிப்பில்லை அண்ணா. சின்னப் பிள்ளைக்குப் பயம் வயிற்றில்தான் வரும், அதற்கு நிஜமாகவே வலிக்கும். திட்ட வேண்டாம். லீவு நாளிலும் எழுகிற நேரம், தூங்குகிற நேரம் மாறாமல் பாருங்கள். திறப்பதற்கு முந்தின நாள் அவன் வகுப்பு டீச்சரோடு ஒரு நிமிடம் போனில் பேச வையுங்கள், அல்லது கூடப் படிக்கிற பையன் ஒருவனோடு சேர்த்து அனுப்புங்கள். பல நாள் நீடித்தால், தூக்கத்தில் அலறினால், படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் 14417க்குப் பேசுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

சத்துணவு அமைப்பாளர், தருமபுரி மாவட்டம்:

டீச்சர்மார்களுக்கு ஒன்று. பதிவேட்டில் அப்பா எண் மட்டும்தான் இருக்கிறது, அவர் பெங்களூரில் இருக்கிறார். எங்கள் பள்ளியில் இப்போது பாட்டி, பக்கத்து வீடு, தெருமுனைக் கடை என்று பிள்ளைக்கு மூன்று எண்ணாவது வாங்கித் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். கரண்ட் போனாலும் தாள் இருக்கும். அடுத்த மழைக்கு முன்னால் எழுதிவிடுங்கள்.