காட்டு நடையில் கைபேசி: அமைதிக்குத் தடையா, துணையா?

கல்வரை:
மனம் அடங்கி யோசிக்கத்தான் மலைக்கும் காட்டுக்கும் நடக்கிறோம் என்றால் கைபேசியை எடுத்துப் போகவே கூடாது என்பது என் கட்சி. அணைத்து வைத்தாலும் பயனில்லை. மேட்டில் ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்த்ததுமே கை பைக்குள் போகும். கண் பார்ப்பதை விட்டுவிட்டு, படத்தில் எது அடங்கும் என்று தேட ஆரம்பிக்கும். காகித வரைபடமும் திசைகாட்டியும் போதும்.

நீரோடை:
மனம் எப்போது அடங்கும், அதைச் சொல்லுங்கள். வழி தெரியும், வெளிச்சம் மிச்சமிருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்ற உறுதி வந்த பிறகுதானே? கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால் அழைப்பும் வராது, செய்தியும் வராது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சிக்னலை வாங்குமே தவிர எதையும் அனுப்பாது. அதனால் டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் கிளம்புவதற்கு முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி மட்டும் நிற்கும். ஃப்ளைட் மோடில் போடாமல் விட்டால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும் என்பதால் உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

கல்வரை:
உறுதி வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதைத் திரைதான் தர வேண்டுமா? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கி.மீ. நடையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். இது நிற்காமல் நடப்பவருக்கு. நின்று பார்க்க, உட்கார்ந்து யோசிக்கப் போகிறவர் இன்னும் பாதியைக் கூட்டி நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளட்டும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை வரைபட ஓரத்தில் எழுதிவிட்டால் அந்தக் கவலை தலையை விட்டு இறங்கிவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நீலப்புள்ளியைப் பார்ப்பவர் நிலத்தைப் பார்ப்பதில்லை. காகித வரைபடக்காரர் பார்த்தே ஆக வேண்டும்: ஓடை வலப்பக்கம் வளைகிறதா, எதிரே இரண்டு முகடுகளுக்கு நடுவே கணவாய் தாழ்கிறதா, சரிவு செங்குத்தாகும் இடம் இதுதானா. சிந்தனை பிறப்பதே இப்படி ஊன்றிப் பார்ப்பதில்தான்.

பனிப்புல்:
மூடுபனி இறங்கினால் எந்த முகட்டைப் பார்ப்பீர்கள்? திசைகாட்டி திசையைச் சொல்லும், நாம் நிற்கும் இடத்தைச் சொல்லாது. திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கும், வடதுருவம் இருக்கும் உண்மை வடக்கும் பல இடங்களில் விலகியிருக்கும். 10 டிகிரி விலகலைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 175 மீட்டர் தள்ளிப்போய் நிற்போம். பாறை விளிம்பு உள்ள இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. தனியாகப் போகிறவரிடம் கைபேசியை விட்டுவிட்டு வா என்று அறிவுரை சொல்வது தவறு.

கல்வரை:
நடைக்குக் கிளம்பும்போதே பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கைபேசி இருந்தாலும் அது கட்டாயம். பனிக்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்; ஆனால் அதற்காக நாள் முழுக்கக் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பதை ஏற்கமாட்டேன்.

நீரோடை:
அப்படியானால் கையெட்டாமல் வைப்போம். உள்பை என்று நான் சொன்னது கடுங்குளிருக்கு. மற்ற நாளில் நீர்புகாத உறையில் போட்டு, வாயை ஒட்டுநாடாவால் ஒட்டி, பையின் அடியில் மாற்றுச் சட்டைக்குக் கீழே வைத்துவிடலாம். படம் எடுக்கும் ஆசைக்காக யாரும் பையைக் கவிழ்க்கமாட்டார்கள். வழி தவறினால் கவிழ்ப்பார்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றியும் ஒன்று. ஏறி வந்த வியர்வையோடு அப்படியே உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும், மனம் எங்கே நிற்கும்? முதலில் மேலாடையைப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் பட்ட கிளை இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் உட்காருங்கள். நம் காலடிச் சத்தத்துக்கு அடங்கிய பறவைகள் மறுபடி கூப்பிடக் கால்மணி நேரமாவது பிடிக்கலாம். பெரும்பாலோர் அதற்குள் எழுந்துவிடுகிறார்கள்.

பனிப்புல்:
எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர்கள் பென்சில் கொண்டுபோங்கள். ஈரத்தாளில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், குளிரில் மை இறுகும்.