த்ரோவில் ஆஃப்சைடு உண்டா? மைக் பிடித்தவன் கேட்கிறேன்

கேள்வி (மைக்காரன், தூத்தூர் பக்கம்):
கடலுக்குப் போகாத நாளில் ஊரில் கால்பந்து மேட்ச் நடந்தால் மைக் என் கையில்தான். எங்கள் வழக்கம் செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம். அதில் ஆஃப்சைடு (எதிராளிகளைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தப்பு) பார்ப்பதில்லை. போன ஞாயிறு பதினொரு பேர் ஆட்டம். வலது ஓரத்தில் எங்களுக்கு த்ரோ, வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது. எறிந்த பந்து, எதிரணியின் பேக் (தடுப்பு ஆட்டக்காரர்) இரண்டு பேரையும் தாண்டி நின்ற எங்கள் பையன் காலில் விழுந்தது. கோலியை (கோல்கீப்பரை) ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் தட்டினான், கோல். பார்த்தால் லைன்ஸ்மேன் கொடி மேலே! நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "த்ரோவுக்கு ஏது ஆஃப்சைடு?" என்று மைக்கிலேயே கேட்டுத் தொலைத்தேன். மணலில் இருந்த ஊர் முழுக்க எழுந்துவிட்டது. கோல் கிடையாது என்று ரெஃப்ரி கை காட்டிவிட்டார். ஒன்றுக்கு பூஜ்யம் தோற்றோம். நான் சொன்னது தப்பா?

இன்னொன்று. ஒரு வாத்தியார் வந்து, "கோலி, கோலி என்று கத்தாதே, தமிழில் சொல்" என்கிறார். என்ன சொல்ல?

பதில் (பழைய விசில்):
தம்பி, விதி உன் பக்கம். 11வது விதியைப் பார். த்ரோ, கோல் கிக், கார்னர் இந்த மூன்றிலும் பந்தை நேரடியாக வாங்குகிறவனுக்கு ஆஃப்சைடு இல்லை. அவன் வாங்கி முன்னால் நிற்கும் இன்னொருவனுக்குத் தட்டியிருந்தால் கதை வேறு. பந்தையும் கடைசிக்கு முந்தின எதிராளியையும் தாண்டி அந்த இன்னொருவன் நின்றிருந்தால் கொடி சரி. எறிந்த பந்து யார் மேலும் படாமல் வலைக்குள் போனாலும் கோல் இல்லை, கோல் கிக்தான்.

ஆனால் மைக்கில் கேட்டாய் பார், அதுதான் வினை. நானும் நிறைய மேட்ச் ஊதியவன். கூட்டம் எழுந்தபின் முடிவை மாற்றினால், பயந்து மாற்றினான் என்பார்கள். அதனாலேயே மாற்ற மாட்டோம். அப்புறம், லைன்ஸ்மேன் என்ற பெயர் 1996இலேயே போய்விட்டது. இப்போது உதவி நடுவர்.

பதில் (நாகர்கோவில்காரி):
நடுவர், மூலை உதை, மாற்று வீரர் எல்லாம் வாயில் வரும் அண்ணா, சொல்லுங்கள். கோல்காப்பாளர் என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வலையில் கிடக்கும். கோலி இருக்கட்டும். நம்ம இரவிபுத்தன்துறை ஆட்டக்காரர் சூசைராஜ் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) இடது பக்கம் ஏறியபோது எங்கள் பாட்டிகூட "விங்குல ஓடுறான்" என்றுதான் சொன்னார்.

மைக்காரன்:
செல்போன் வீடியோ கிடைத்தது. நேராகத்தான் வாங்கியிருக்கிறான், இடையில் ஒருவர் மேலும் படவில்லை. காட்டலாம்தான். ஆனால் கொடி தூக்கியவர் என் சொந்த மாமா. நாளை விடியுமுன் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போகணும்.