சபைக்குன்னு ஒரு கடன் நிதி: மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல நடக்குமா?

லயத்துப்பிள்ளை:
நம்ம தோட்டத்துச் சர்ச் கூரை ஒழுகுது. பேங்க்ல கடன் கேட்டா, காணிக்கையை நிரந்தர வருமானமா எடுத்துக்க மாட்டோம்ங்கிறாங்க. அமெரிக்காவுல மிசூரி சினட் லுத்தரன் சபைக்காரங்க 1978-லேர்ந்து ஒரு நிதி நடத்துறாங்க. விசுவாசிங்க காசு போடுறாங்க, அதுக்கு வட்டி வருது. அந்தக் காசு சபைங்களுக்கு நிலம் வாங்க, கட்டடம் கட்ட, ஊழியர்களுக்கு வீடு வாங்கன்னு கடனாப் போகுது. நம்ம தமிழ்ச் சபைங்க சேர்ந்து இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?

யாத்திராகமம்22:
பிரதர், ஏழை மேல வட்டி சுமத்தாதேன்னு யாத்திராகமம் 22:25-ல தெளிவா இருக்கு. சபை வட்டிக்கடை வைக்கணுமா?

லயத்துப்பிள்ளை:
அது ஏழைக்கு. கட்டடம் ஏழையா? தாலந்து உவமையில எஜமானே வட்டி கேக்குறாரே.

யாத்திராகமம்22:
உவமையைக் காட்டி கடை திறக்காதீங்க.

ஓய்வுபெற்ற கிராணி:
வசனச் சண்டையை ஓரமா வைங்க தம்பி. அந்த நிதி பேங்க் இல்ல. போட்ட காசுக்கு அங்க அரசாங்கக் காப்புறுதி கிடையாது. இங்க பேங்க்ல போட்டா 250,000 ரிங்கிட் வரைக்கும் பிடிம்ங்கிற அரசாங்க டெபாசிட் காப்புறுதிக் கழகம் பொறுப்பு. உங்க நிதிக்கு யார் பொறுப்பு? பேங்க் நெகாரா, அதாவது நம்ம மத்திய வங்கி உரிமம் இல்லாம டெபாசிட் வாங்கினா 2013 நிதிச் சேவைச் சட்டப்படி குத்தம். ஊழியம்னு போர்டு மாட்டினா விட்டுருவாங்களா? (நாம கட்டுற கூட்டையே, அதான் சீட்டையே, 1971-ல தடை பண்ணிட்டாங்க, யாரும் கண்டுக்கிறதில்ல, அது வேற கதை.)

இன்னொண்ணு. கட்டடக் கடன்னா பெரும்பாலும் நிலத்தை அடமானம் கேப்பாங்க. நம்ம தோட்டத்துச் சர்ச் நிக்கிறது கம்பெனி நிலத்துல, பட்டா கம்பெனி பேர்ல. நாளைக்கே தோட்டத்தை வித்தா கோயில், சர்ச் எல்லாம் கேள்விக்குறி. எதைக் காட்டிக் கடன் வாங்குவீங்க?

பால்மரத்துப்பொண்ணு:
எல்லாரும் கட்டடத்தையே பேசுறீங்க. எங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு அக்கா ஆலோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவன்) 1,000 வெள்ளி, அதான் ரிங்கிட், கேட்டாங்க, கையில வந்தது 850. பேங்க் கார்டு, பின் நம்பர் ரெண்டும் அவன்கிட்ட. சம்பளம் ஏறுற அன்னைக்கு மெஷின் முன்னால முதல்ல நிக்கிறது அவன்தான். எடுத்தது போக மிச்சத்தை எண்ணி இவங்க கையில குடுப்பான். லைசென்ஸ் வச்சிருக்கிறவனே அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல வாங்கக்கூடாது. சட்டம் இருக்கு, லயத்துக்கு வரலை. பாஸ்டர் வீட்டுக்குக் கடன் தர்ற ஊழியம் இந்த அக்காவுக்கு 500 வெள்ளி தருமா?

லயத்துப்பிள்ளை:
தரலாம் சிஸ்டர். திரும்பி வருமா?

பால்மரத்துப்பொண்ணு:
ஆலோங்குக்கு மாசம் தவறாமக் கட்டுறவங்க சபைக்குக் கட்ட மாட்டாங்களா?

ஓய்வுபெற்ற கிராணி:
இந்தப் பொண்ணு கேட்டதுதான் கேள்வி. அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேணாம். நம்ம ஊரு எம்பியா இருந்த சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. தோட்டங்களைத் துண்டாடி வித்துக்கிட்டிருந்த காலம். ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க பத்துப் பத்து வெள்ளியாப் போட்டு தோட்டத்தையே வாங்கினாங்க. கூட்டுறவா 1993 சட்டத்துல பதிஞ்சா, உறுப்பினர் யார் வேணும்னாலும் ஆண்டுக் கூட்டத்துல எழுந்து நின்னு கணக்குக் கேக்கலாம்.

யாத்திராகமம்22:
அதுலயும் வட்டி உண்டுல்ல ஐயா?

ஓய்வுபெற்ற கிராணி:
உண்டு. லாபம் வந்தா உறுப்பினருக்கே டிவிடெண்டாத் திரும்பும்.

யாத்திராகமம்22:
பேரை மாத்தினா வட்டி வட்டியில்லாமப் போயிடுமா?

பால்மரத்துப்பொண்ணு:
வட்டியை விடுங்க. கமிட்டியில யாரு? இப்ப இருக்கிற மூப்பர்களேன்னா நான் சேரலை.