மூன்றாண்டாகியும் பூக்காத பாப்டீசியா: இடம் மாற்றலாமா?

முற்றத்துவாசி:
வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வசிக்கிறோம். இப்பகுதியின் பிரெய்ரி புல்வெளிகளுக்கு உரிய பாப்டீசியா ஆஸ்ட்ராலிஸ் செடியை (நீலச்சாயம் தரும் நம் அவுரியின் நினைவில் நான் அதைக் காட்டு அவுரி என்றே சொல்லிவருகிறேன்) மூன்று ஆண்டுகளுக்கு முன் விதையிலிருந்து வளர்த்து, மேப்பிள் மரத்தருகே நட்டேன். முற்பகல் வரை மட்டுமே அங்கு வெயில் விழும். ஒவ்வொரு வசந்தத்திலும் தழைச்சத்து மிகுந்த உரமிட்டும், இரண்டடி வளர்ந்து சாய்ந்துவிடுகிறதே தவிர ஒரு பூங்கதிர்கூடத் தோன்றவில்லை. பெயர்த்து வேறிடத்தில் நடலாமா?

களிமண்காரர்:
உரத்தை முதலில் நிறுத்துங்கள். இது அவரைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை அதற்கு உணவாக்கித் தருவதால், நாம் மேலும் தழைச்சத்து கொடுத்தால் இலையும் தண்டும்தான் பெருகும். காட்டுத்தீயும் வறட்சியும் வழக்கமான புல்வெளியில் உயிர்பிழைக்க வேண்டியிருந்ததால், இச்செடி முதல் சில ஆண்டுகளின் உழைப்பையெல்லாம் மண்ணுக்கடியில் ஆழமான வேருக்கே செலவிடுகிறது. விதையிலிருந்து வந்த செடி பூக்க மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆவது இயல்பு. எனவே உங்கள் செடி தாமதமாகவில்லை; நிழலில் நிற்கிறது, அவ்வளவே. சாய்வதும் நிழலின் விளைவுதான். பெயர்த்தால் ஆணிவேர் அறுபட்டு மீண்டும் சில ஆண்டுகள் பின்தங்கும் என்பதால், மேப்பிளின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெயில் விடுவதே என் யோசனை.

விதைப்பெட்டி:
கிளை கழித்தாலும் மேப்பிளின் மேல்வேர்கள் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நான் சற்று மாறுபடுகிறேன். பழைய செடியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நாளெல்லாம் வெயில் விழும் இடத்தில் புதிதாக விதையுங்கள். விதையுறை மிகக் கடினமானது. உப்புத்தாளில் லேசாக உரசி, வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்தால் நன்கு முளைக்கும். வளர்ந்த செடி மூன்று நான்கு அடி உயரமும் ஏறத்தாழ அதே அகலமும் கொள்ளும் என்பதால், நடும்போதே இடம் விட்டுவிடுங்கள். வசந்தத்தில், காய்கறியாகச் சமைக்கும் அஸ்பாரகஸ் குருத்தைப் போலவே தளிர் எழும்பும். அதைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். செடி முழுவதிலும் நச்சு ஆல்கலாய்டுகள் உள்ளன. மான்கள் இதைத் தொடாததற்கும் அதுவே காரணம்.

நீலக்கரை:
'காட்டு அவுரி' என்ற பெயர் பொருத்தமானதே. பாப்டீசியா என்ற சொல்லே சாயத்தில் தோய்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உண்மையான அவுரி கிடைக்காத இடத்தில் இவ்வினத்துச் செடிகளிலிருந்து சாயமெடுத்திருக்கிறார்கள், ஆனால் நிறம் தரத்தில் குறைவுதான். 2010ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கம் இதை ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்ந்தெடுத்தது. பூ முடிந்ததும் எல்லாவற்றையும் வெட்டிவிடாமல் சில கதிர்களையாவது விட்டுவையுங்கள்: காய்கள் கருத்து உப்பி, உள்ளே விதைகள் கிலுகிலுக்கும். உறைபனிக்குப் பின் செடி முழுவதும் கருகினாற்போல் ஆகும். செத்துவிட்டதென்று தோண்டி எடுத்தவர்களை நான் அறிவேன்.

முற்றத்துவாசி:
மிக்க நன்றி. முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித் தோண்டத் தொடங்கி, வேரின் உறுதியைக் கண்டு நிறுத்தியவன்தான். இனி உரமிடப் போவதில்லை. பழைய செடியை அசைக்காமல் மேப்பிளின் இரண்டு கிளைகளை மட்டும் கழிக்கிறேன். தெற்குப் பக்க வேலியோரம் புது விதையும் இடுகிறேன். இரண்டில் எது முதலில் பூக்கிறதென்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.