சம்பள உச்சவரம்புக் கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கணக்கில் ஒரு இடம் இடிக்கிறது. 2016இல் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரேயடியாக 9.41 கோடிக்குத் தாவியது. வரம்புக்குள் இடம் பிடிக்க, தன் வீரர் போகட்டை டல்லாஸ் அணிக்குத் தள்ளிவிட்டு வாரியர்ஸ் அணி நட்சத்திர வீரர் டுராண்டைத் தூக்கியது. அதுவரை சரி.

அடுத்த ஆண்டுதான் குழப்பம். வாரியர்ஸின் ஸ்டெஃப் கரிக்கு 5 ஆண்டுக்கு 20.1 கோடி, ‘பேர்ட் உரிமை’ (பல சீசன் ஆடிய தன் வீரரைத் தக்கவைக்க அணிக்குள்ள சலுகை) இருந்ததால் வரம்பைத் தாண்டலாம். டுராண்ட் அங்கே ஒரு சீசன்தான் ஆடியிருந்தார். அதனால் வரம்பைத் தாண்டிக் கொடுப்பதென்றால் பழைய சம்பளத்தில் 120 சதவீதம், அதாவது சுமார் 3.18 கோடி வரைதான். அவரோ 2.5 கோடிக்கே கையெழுத்திட்டார் (யாருக்கு மனசு வரும்?). சக வீரர் இகுவோடாலாவை அணி தக்கவைக்கத்தான் என்கிறார்கள். ஏற்கெனவே வரம்பைத் தாண்டிய அணிக்கு இது எப்படி உதவும்? ஆடம்பர வரி (சம்பளம் மிக அதிகமானால் அணி கட்டும் அபராதம்) குறையும் என்பதாலா? அந்த வரி எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று யாராவது எண்களோடு விளக்க முடியுமா?