ஏடிஎஸ் பூட்டுவதற்கு முன்னால்

பெரியக்கா (கல்லடி): சின்ன மாமா, இருக்கிறீர்களா? நாளைக்கு வயரிங்காரத் தம்பி ஏடிஎஸ், அதுதான் வீட்டுக் கரண்டைத் தானாக மாற்றுகிற சுவிட்ச் பெட்டி, பூட்ட வருகிறார். பற்றரி இறங்கினால் இன்வேர்ட்டரிலிருந்து தானாக மின்சார சபைக் கரண்டுக்கு மாறும், பற்றரி ஏறினால் திரும்பி வரும் என்கிறார். இன்வேர்ட்டர் 3 கிலோவாட், பற்றரி 48 வோல்ற் லித்தியம். படங்கள் போட்டிருக்கிறேன், ஒருதரம் பாருங்கள்.

சின்ன மாமா (களுவாஞ்சிக்குடி): ஓம் மகள், பார்த்தேன். இரண்டு போல் பெட்டிதான் வாங்கியிருக்கிறீர்கள், நல்லது. லயினும் நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். லயினை மட்டும் மாற்றி நியூட்ரலைப் பொதுவாக விடுகிறேன் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வயர் ஒன்றும் கொடுக்காத இப்போதே அந்தக் கைப்பிடியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், ஒரு பக்கம் விட்ட பிறகுதான் மறுபக்கம் பிடிக்க வேண்டும்.

தம்பி (தோஹா): கரண்டால் இழுபட்டுப் பிடிக்கிற கொண்டாக்டர் சுவிட்ச் இரண்டும், அவற்றை இயக்க ஒரு ரிலேயும் வைத்து இதையே மலிவாகச் செய்யலாமே மாமா, வீடியோக்களில் காட்டுகிறார்கள்.

சின்ன மாமா: செய்யலாம், ஆனால் ஒன்று பிடித்திருக்கும்போது மற்றதை நகரவிடாமல் தடுக்கிற பூட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கொண்டாக்டரின் முனை சூட்டில் ஒட்டிக்கொண்டால் ரிலே விடச் சொன்னாலும் அது விடாது, மற்றதும் வந்து பிடித்துவிடும். சபைக் கரண்டும் 230, இன்வேர்ட்டரும் 230, சரிதான். ஆனால் இரண்டின் அலையும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. சந்தித்த அந்த நொடியே இன்வேர்ட்டரின் உள்ளே கரண்டை மாற்றுகிற மொஸ்ஃபெட் என்ற சின்னப் பாகங்கள் வெடித்துப் போகலாம்.

பெரியக்கா: நாளைக்கு அவர் வராவிட்டால், ஒரு அவசரத்துக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு இன்வேர்ட்டரிலிருந்து வயர் இழுத்துச் சுவர் பிளக்கில் குத்தலாமா? எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

சின்ன மாமா: வேண்டவே வேண்டாம் பிள்ளை. மெயினை இறக்க ஒருவர் மறந்தால் போதும், வீட்டுக் கரண்ட் மீற்றர் வழியாக வெளியே போய்விடும்.

பெரியம்மா (காரைதீவு): வீட்டிலிருந்து வெளியே போகிற கரண்ட் யாரை என்ன செய்யும் தம்பி? சின்னப் பெட்டிதானே.

சின்ன மாமா: அக்கா, ட்ரான்ஸ்போமர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். பெரிய லயினை 230க்குக் குறைக்கிற அதே பெட்டி, எங்கள் பக்கமிருந்து 230 வந்தால் அதை 11,000 அல்லது 33,000 வோல்ற்றுக்கு ஏற்றி அனுப்பும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கையில் அது படும்.

தம்பி: ஊர் முழுக்க இழுக்கும்போது 3 கிலோவாட் இன்வேர்ட்டர் ஓவர்லோட் ஆகி நின்றுவிடும் மாமா, அவ்வளவு தூரம் போகாது.

சின்ன மாமா: பெரும்பாலும் நிற்கும், ஓம். காற்றில் மரம் விழுந்து உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வயர் அறுந்தால்? அப்போது இழுக்க ஊர் இல்லை, இன்வேர்ட்டர் நிற்காது, அறுந்த வயர் ஒழுங்கை வெள்ளத்தில் கரண்டோடு கிடக்கும். இங்கே கார்த்திகை, மார்கழியில் லயின் அறுவது புதினமா? லயின்காரப் பிள்ளைகள் மழைக்குள் ஏறி நிற்பதை நாங்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். அதை நினைத்துத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பெரியக்கா: சரி மாமா, குத்த மாட்டோம். மற்றப் படங்கள்?

சின்ன மாமா: மூன்றாவது படத்தில் பற்றரி சார்ஜர் குசினிப் பிளக்கில் இருக்கிறது. ஏடிஎஸ் பூட்டிய பிறகு அந்தப் பிளக்குக்கும் இரவில் இன்வேர்ட்டர் கரண்ட்தான் வரும். பற்றரி இன்வேர்ட்டருக்குக் கொடுக்கும், இன்வேர்ட்டர் சார்ஜருக்கு, சார்ஜர் திரும்பப் பற்றரிக்கு. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடாக வீணாகி விடியும்போது பற்றரி காலி. சார்ஜருக்கு ஏடிஎஸ்ஸுக்கு முன்னால், சபைப் பக்கத்திலிருந்து தனி பிரேக்கர் வைத்து வயர் எடுக்கச் சொல்லுங்கள்.

பெரியக்கா: அத்தான் இப்பவே கழற்றிவிட்டார்.

மச்சான் (அக்கரைப்பற்று): மாமா, என்னுடைய ஏடிஎஸ் பிரிட்ஜ் மோட்டர் ஓடத் தொடங்குகிற நேரமெல்லாம் டக் டக் என்று மாறி மாறி அடிக்கிறது. பெட்டி பழுதா?

சின்ன மாமா: பெட்டி பழுதில்லை மச்சான், நீங்கள் வைத்த வோல்ற்தான். பிரிட்ஜ் எடுக்கும்போது பற்றரி வோல்ற் ஒரு நொடி விழும், பெட்டி சபைக்கு மாறும், பாரம் போனதும் வோல்ற் ஏறும், திரும்பி வரும். அப்படியே அடித்தால் முனைகள் கருகிவிடும். 16 செல் லித்தியம் என்றால் 50இல் சபைக்கு மாறவும், 53.5க்கு மேல் போனால்தான் திரும்பவும் வையுங்கள். மாறுவதற்கு முன் சில நொடி தாமதமும் கொடுங்கள். தண்ணி மோட்டரையும் அயன் பெட்டியையும் இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். மீற்றரில் 30 அம்பியர் இருக்கிறது, 3 கிலோவாட் இன்வேர்ட்டர் 13 அம்பியர்தான் தரும், மோட்டர் ஓடத் தொடங்கும்போது அதன் ஓட்டக் கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும்.

தம்பி: ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும்.

சின்ன மாமா: அதைத்தான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். சபை நியூட்ரல் ட்ரான்ஸ்போமரில் எர்த் ஆகியிருக்கிறது, அதனால் பிரிட்ஜின் வெளித்தகட்டில் கரண்ட் கசிந்தால் அது மண் வழியாகத் திரும்ப வழி இருக்கிறது, ட்ரிப் விழுகிறது. ஏடிஎஸ் இரண்டு வயரையும் கழற்றிய பிறகு இன்வேர்ட்டரின் நியூட்ரல் எதிலும் தொடாமல் நிற்கும். கசிவு திரும்ப வழியில்லை, ட்ரிப்புக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக இன்வேர்ட்டர் வெளிவரும் இடத்தில், ஏடிஎஸ்ஸுக்கு முன்னால், நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்க வேண்டும், ட்ரிப் ஏடிஎஸ்ஸுக்குப் பின்னால் வர வேண்டும்.

பெரியக்கா: ட்ரிப்பின் டெஸ்ட் பொத்தானை அமத்தினேன், விழுந்தது மாமா. அப்போ சரிதானே?

சின்ன மாமா: இல்லை மகள். அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை, உள்ளே லயினையும் நியூட்ரலையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்க்கிறது, அவ்வளவுதான். எர்த் கம்பி இல்லாத வீட்டிலும் விழும். கையில் பிடித்து அளக்கிற மீற்றரால் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அவசரப்பட்டு நீங்களாக நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்க வேண்டாம். சில மலிவு இன்வேர்ட்டர்களில் இரண்டு வயரிலும் பாதிப் பாதி வோல்ற் இருக்கும், சேர்த்தால் அந்த இடத்திலேயே எரிந்துவிடும். இன்வேர்ட்டர் புத்தகத்தில் எர்த் பற்றிச் சொல்கிற பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பெரியக்கா: போடுகிறேன். கடல் பக்கத்துச் சுவரில் பூட்டச் சொல்லியிருந்தோம், அது பரவாயில்லையா?

சின்ன மாமா: உள் அறைக்கு மாற்றுங்கள், உப்புக் காற்றில் திருகாணி பச்சை பிடித்துத் தளர்ந்துவிடும். வெள்ளம் வந்தால் ஏறுகிற அளவுக்கு மேலே இருக்கட்டும். மெயினை இறக்கினாலும் இன்வேர்ட்டர் பக்கத்திலிருந்து பெட்டிக்குள் கரண்ட் இருக்கும் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், எழுதாவிட்டால் பிறகு வேலைக்கு வருகிற யாருக்கும் அது தெரியாது.

பெரியக்கா: அப்போ நாளைக்கு வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிடவா?

சின்ன மாமா: வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். நானும் மீற்றரோடு வாறன், அவரோடு சேர்ந்து பார்க்கலாம். அதுவரைக்கும் பெட்டியை அட்டையோடேயே வையுங்கள்.