சித்திரையில் போட்ட கொடி அவரை, புரட்டாசி வந்தும் ஒரு பூ இல்லை

தாம்பரம் மாடி:
எல்லாருக்கும் வணக்கம். மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய நாட்டுக் கொடி அவரை விதை, காய் ஓரத்தில் ஊதா நிறம் ஓடுமே அந்த ரகம், சித்திரை கடைசியில் பெரிய பையில் போட்டேன். கொடி இப்போது பந்தலைத் தாண்டி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்கிறது, இலை ஒவ்வொன்றும் கையளவு, ஆனால் ஒரு மொட்டுகூடக் கிடையாது. அதே சமயத்தில் நர்சரியில் வாங்கிப் போட்ட செடி அவரை எப்போதோ காய்த்து முடிந்தே போய்விட்டது. மண்புழு உரம், மீன் அமிலம் எல்லாம் கொடுக்கிறேன். உரக்கடையில் பூக்கிற டானிக் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், இரண்டு முறை தெளித்தும் ஒன்றும் நடக்கவில்லை. இது மலட்டுக் கொடியா? பிடுங்கிவிட்டுப் புடலை போடலாமா? வீட்டில் தினமும் கேலி.

பேச்சி:
பிடுங்கிடாதீங்க! ஐப்பசி பிறக்கட்டும், பாருங்க. எங்க அம்மா "பனி விழாம மொச்சைக்கும் அவரைக்கும் என்ன அவசரம்" என்பாங்க. பொங்கல் குழம்புக்கு அவரையும் மொச்சையும் எப்படிச் சரியா வந்து சேருதுன்னு யோசிங்க.

கொங்குக் காட்டுக்காரன்:
மீன் அமிலத்தை முதலில் நிறுத்துங்க. தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறினால் கொடி இலையாகத்தான் போகும், அவரை தன் வேரிலேயே தழைச்சத்தைப் பிடித்து வைக்கிற பயிர், அதற்கு மேலே ஊற்றினால் என்ன ஆகும். சாம்பல் கொஞ்சம் போடுங்க, தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் வாட விடுங்க, நுனியைக் கிள்ளி விடுங்க. பூக்கும்.

தாவரப் பித்து:
காட்டுக்காரர் சொல்கிற தழைச்சத்து விஷயம் சரிதான், ஆனால் இங்கே அது இரண்டாவது காரணம். முதல் காரணம் நாள்.

நம் நாட்டுக் கொடி அவரை, மொச்சை எல்லாம் குறும்பகல் தாவரங்கள். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்க ஆரம்பிக்கும். சென்னையில் ஜூன் மாதம் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், நமக்கு உறைப்பதே இல்லை, கொடிக்கு அது போதும். நீங்கள் சித்திரையில் போட்டீர்கள், அதற்குப் பிறகு ஆனி வரை பகல் நீண்டுகொண்டே போனது, கொடி என்ன செய்யும், இலை விட்டுக்கொண்டே இருந்தது. ஆடியில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான் பூக்கும், கொடி மட்டும் அடக்கமாக இருந்திருக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மழைக்கு மட்டும் சொன்னதில்லை என்று நான் நினைக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்த கதையும் கிட்டத்தட்ட உங்கள் மாடிக் கதைதான். அமெரிக்க வேளாண்மைத் துறையில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர். அவர்களிடம் மேரிலாண்ட் மம்மத் என்று ஒரு புகையிலை, கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளரும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியிலேயே பூத்துவிடும். உரம், ஈரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் கோடையிலேயே செடியைச் சாயங்காலம் இருட்டறைக்குள் தள்ளிவிட்டுப் பார்த்தால் பூக்கிறது! 1920-ல் வெளியிட்டார்கள். ஒரு சோயா ரகத்தையும் வெவ்வேறு தேதிகளில் விதைத்துப் பார்த்திருக்கிறார்கள், முன்னால் போட்டதும் பின்னால் போட்டதும் ஏறக்குறைய ஒன்றாகவே பூத்தன.

உங்கள் செடி அவரை ஏன் சீக்கிரம் காய்த்தது என்றால், அந்த ரகங்கள் பகல் நீளத்தைப் பார்க்காதபடி தேர்ந்தெடுக்கப்பட்டவை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அப்படிப்பட்டவை, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் குத்து அவரை (செடி அவரைதான்) ரகங்களும் அந்த வகைதான். எந்த மாதமும் போடலாம். ஆனால் ருசியில் நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் வராது, இது என் கட்சி.

டானிக்கைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. இலையைக் கழுவி விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி: பந்தல் மேல் ராத்திரி வெளிச்சம் ஏதாவது விழுகிறதா?

தாம்பரம் மாடி:
விழுகிறதே! பக்கத்து வீட்டு மாடியில் கேமராவுக்காக ஒரு ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறார்கள், விடிய விடிய எரியும், பந்தலின் பாதி வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நான் கொசு வருகிறதே என்று மட்டும்தான் கவலைப்பட்டேன்.

தாவரப் பித்து:
உண்டு, நன்றாகவே உண்டு. குறும்பகல் என்று பெயர் இருந்தாலும் கொடி அளப்பது இருட்டை. 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்துச் சோதித்தார்கள். பகல் நடுவே செடியைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் அது கண்டுகொள்வதில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்குப் போட்டால் பூக்காமல் போய்விடுகிறது. இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியைப் பிடித்துக்கொள்கிறது, வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் அந்தச் சிவப்பு இருக்கிறது. நீலகிரிப் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்வார்கள், இரவில் பல்பைப் போட்டுப் பூக்கவிடாமல் நிறுத்தி, தண்டு நீண்டதும் விளக்கை அணைப்பார்கள்.

அதனால் வெளிச்சம் வரும் பக்கம் மட்டும் கறுப்புத் தார்ப்பாய் அல்லது கனமான பழைய ஜமுக்காளம் கட்டித் தொங்கவிடுங்கள். நிழல்வலை போதாது, ஒளி ஊடுருவும். பக்கத்து வீட்டாரிடம் பேச முடிந்தால், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு மாற்றச் சொல்லுங்கள், அவர்களுக்கும் கரண்ட் பில் குறையும்.

நெல் பைத்தியம்:
அப்படியென்றால் பௌர்ணமிக்கு என்ன செய்வது, தார்ப்பாயை ஊருக்கே கட்டணுமா? 😄
(நிலா வெளிச்சம் இதற்குப் போதாது, தெரியும். சும்மா கேட்டேன்.) நெல்லிலும் இதே கதைதான். பழைய சம்பா ரகங்களைப் பகல் நீண்ட குறுவைப் பட்டத்தில் விதைத்தால் பயிர் மட்டும் நெடுநெடுவென்று நிற்கும், கதிர் வெளியே வர ஐப்பசி ஆகும். பட்டம் மாற்றாதே என்று பெரியவர்கள் அடம்பிடித்தது சும்மா இல்லை.

ஸ்காபரோ வளவு:
நீங்கள் எல்லாரும் ஐப்பசி மட்டும் பொறுங்கோ என்று சொல்லுறீர்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் இருப்பது ரொறன்ரோ, யூனில் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவரை விதையைப் பின்வளவில் நட்டால் கோடை முழுக்க வேலி மறைய வளரும், செப்டெம்பர் கடைசியில்தான் பகல் 12 மணித்தியாலத்துக்கு இறங்கும், அப்பதான் முதல் பூ வரும், பிஞ்சு பிடிக்கிற நேரம் பார்த்து உறைபனி கொட்டி ஒரே இரவில் எல்லாம் கருகிப்போகும். ஒவ்வொரு வருசமும் சனம் கோயிலில் இதைத்தான் கதைக்கிறது. இங்கே இரண்டு வழிதான். ஒன்று, பகலைக் கணக்கெடுக்காத குத்து அவரையை ஏப்ரலில் வீட்டுக்குள்ளே முளைக்க வைத்து, குளிர் விட்டதும் வெளியே நடுவது. மற்றது, ஊர் ரகம்தான் வேணும் என்றால் தொட்டியில் வைத்து, ஆகஸ்டில் பின்னேரம் ஆறு மணிக்குக் கராச்சுக்குள்ளே இழுத்து விட்டு, காலமை எட்டு மணிக்கு வெளியே எடுக்கிறது. கிழமைக் கணக்கில் ஒருநாளும் தவறாமல் செய்ய வேணும். என்ர மனுசி இதைப் பார்த்து, பிள்ளைகளைக்கூட நான் இப்பிடி நேரத்துக்குப் படுக்க வைக்கவில்லை என்றா.

கொங்குக் காட்டுக்காரன்:
கராஜ் வைத்தியம் நல்லா இருக்கே. சரி, நாள்தான் முதல் காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தழைச்சத்தைக் கொட்டி வளர்த்த கொடியில் பூ வந்தாலும் அசுவினிப் பூச்சிதான் முதலில் மொய்க்கும், அதனால் மீன் அமிலத்தை நிறுத்தச் சொன்னது அப்படியே நிற்கிறது.

தாம்பரத்துக்காரங்களுக்கு இன்னும் கொஞ்சம். உங்களுக்கு வடகிழக்கு மழையும் பூக்கும் காலமும் ஒன்றாக வரும், முதல் பூக்கள் மழையில் உதிரும், அதற்குப் பதறாதீங்க. மேகமூட்டமாக இருக்கும் நாட்களில் அசுவினி கொத்துக்கொத்தாக ஏறும், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் அடிங்க. காய் பறிக்கும்போது காயை மட்டும் பறிங்க, பூங்கொத்துக் காம்பை ஒடிக்காதீங்க, அதே காம்பில் திரும்பவும் பூ எடுக்கும். இப்போதே அடர்ந்த இலையில் கொஞ்சம் கழித்துவிட்டு, ஓடுகிற நுனிகளைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், பூ அதில்தான் நிறைய.

பேச்சி:
விதைக்கு எடுக்க மறக்காதீங்க. முதலில் வந்த நல்ல கொத்துகளில் நாலைந்தை யாரும் தொடாதபடி ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துடுங்க, இல்லைன்னா சமையலுக்குப் போயிடும். மாசியில் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலன்னு சத்தம் வரணும், அப்போதான் பறிக்கணும். வண்டு விழாமல் இருக்க நல்லா வெயிலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வைங்க.

தாம்பரம் மாடி:
எல்லாருக்கும் நன்றி. புடலைத் திட்டம் ரத்து. இன்று சாயங்காலமே வெளிச்சம் விழுகிற பக்கம் தார்ப்பாய் கட்டியாச்சு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சென்சார் விளக்கு பற்றிச் சொன்னேன், "அவரைக்காய் எங்களுக்கும் வருமா" என்று கேட்டார், வரும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: காற்றடித்தால் தார்ப்பாய் பந்தலையே இழுத்துக்கொண்டு போய்விடுமோ?

தாவரப் பித்து:
பந்தலில் கட்டாதீர்கள், கைப்பிடிச் சுவரில் தனியாக இரண்டு குழாய் நட்டு அதில் கட்டுங்கள். கீழ்ப்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று போகும். புயல் எச்சரிக்கை வந்தால் அவிழ்த்து விடுங்கள், ஒன்றிரண்டு இரவு வெளிச்சம் பட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.